வாசல் அடைத்தால் வாய் திறக்கவேண்டாமா?

தாலூகா கச்சேரிக்குக் காத வழி நடந்து செல்லும் குடியானவன் அங்கே கதவு பூட்டியிருக்கக் கண்டால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சேவகனையாவது இரண்டு கேள்வி கேட்பான். ஏன் பூட்டியிருக்கிறது, எப்போது திறப்பார்கள் என்பனவே அவ்விரண்டு. சேவகன் கடுகடுத்துப் பேசலாம். எனினும் ஏதோ ஒரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்று நம் தேசத்துக் கச்சேரிகளில் பெரும் பகுதி கணினித் திரைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. வருமான வரிக் கணக்கு, சரக்கு சேவை வரி, ரெயில் டிக்கெட்டு, பரீட்சை விண்ணப்பம் ஆகிய எல்லாவற்றுக்கும் இணையதளமே வாசல். அந்த வாசல் அடைபட்டுக் கிடக்கும் நேரத்தில் கேள்வி கேட்பதற்குத் திண்ணையும் இல்லை, சேவகனும் இல்லை. திரையிலே ஒரு சிறு வட்டம் ஓயாமல் சுழலுகிறது. 'சர்வர் டவுன்' என்னும் இரண்டு சொற்கள், பள்ளிக்கூடத்தை எட்டிப்பாராதவர் வாயிலும் தாய்மொழிச் சொற்கள்போல் வழங்கத் தொடங்கிவிட்டன.

இயந்திரம் என்றால் பழுதாகும். கோடிக்கணக்கான ஜனங்கள் ஒரே வேளையில் வந்து தட்டும் வாசல் சில சமயம் திறவாமற் போவதும் இயற்கையே. அதற்காக யாரையும் தூக்கிலிடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நாம் ஆட்சேபிப்பவை வேறு. பழுது நேர்ந்ததை ஒப்புக்கொள்ளாமல் மௌனம் சாதிப்பதையும், ஒப்புக்கொண்டாலும் பொருந்தாத காரணம் சொல்வதையும் ஆட்சேபிக்கிறோம். அவற்றைவிட முக்கியமாக, சர்க்காரின் வாசல் அடைபட்டதற்குப் பிரஜையிடமிருந்து அபராதம் வாங்குவதை ஆட்சேபிக்கிறோம். பிரஜைக்கு வேறு வாசல் உண்டா? கடைக்காரன் கதவை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். சர்க்கார் கதவை மூடினால் அடுத்த சர்க்காருக்குப் போகமுடியாதன்றோ?

வருமான வரி இலாகாவின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய இணையதளத்தை 2021-ஆம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல் 6-ந் தேதி வரையில் மூடிவைத்து, 7-ந் தேதி இரவில் புதிய தளத்தைத் திறந்தார்கள். அதைக் கட்டியது இன்போசிஸ் கம்பெனி. எட்டரை வருஷ காலத்துக்கு அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பீடு சுமார் 4,242 கோடி ரூபாய். திறந்த மறுநாளே நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன், தமக்கு வந்து குவியும் புகார்களைச் சுட்டிக்காட்டி, கம்பெனியையும் அதன் தலைவர் ஸ்ரீ நந்தன் நிலேகனியையும் பகிரங்கமாகக் கேட்கும்படி நேர்ந்தது. அந்த வாரத்திற்குள் எல்லாம் நிலைபெற்றுவிடும் என்று ஸ்ரீ நிலேகனி வருத்தத்துடன் பதில் அளித்தார். வாரங்கள் சென்றன, மாதமும் சென்றது. எழுநூறுக்கு மேற்பட்ட கடிதங்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான குறைகள் வந்துள்ளன என்றும், ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து எண்ணினால் அவை தொண்ணூறு வகைப்படும் என்றும் பார்லிமெண்டில் சர்க்காரே அறிவித்தது. அயல்நாட்டுக்குப் பணம் அனுப்புவோர் தாக்கல் செய்யவேண்டிய பாரங்களைக் காகிதத்தில் எழுதி வங்கியில் கொடுக்கலாமென்று தற்காலிகமாக அனுமதிக்கவேண்டியதாயிற்று.

இதற்கிடையே ஆகஸ்டு 21-ந் தேதி சனிக்கிழமையன்று தளம் அடியோடு மறைந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பு வேலைக்காக மூடியிருப்பதாகக் கம்பெனியார் சமூக ஊடகத்தில் தெரிவித்தனர். மறுநாள் அதே கம்பெனியார், அவசரப் பராமரிப்பு நடைபெறுவதாகத் தெரிவித்தனர். திட்டமிட்டது எப்படி ஒரே இரவில் அவசரமாக மாறியது என்பதை அவர்கள் விளக்கவில்லை. வருமான வரி இலாகாவோ, இரண்டரை மாதமாகியும் குறைகள் தீராமைக்கும், 21-ந் தேதி முதல் தளமே இல்லாமற்போனதற்கும் காரணம் கேட்டு, கம்பெனியின் நிர்வாக டைரக்டர் ஸ்ரீ சலீல் பரேக்கை நிதி மந்திரி முன்பு 23-ந் தேதி ஆஜராகும்படி அழைத்திருப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அவ்வறிவிப்பு வெளியான அன்றிரவே தளம் திரும்பி வந்தது. மந்திரி கம்பெனிக்குச் செப்டம்பர் 15 வரையில் கெடு கொடுத்தார்.

வேலை கொடுத்தவர் வேலை வாங்கினவரை அதட்டிக் கேட்டது சரிதான். நாம் அதைக் குறைகூறவில்லை. ஆனால், அந்த இரண்டு நாளும் திரைமுன் உட்கார்ந்திருந்த கணக்கருக்கும் சம்பளக்காரருக்கும் யார் பதில் சொன்னார்கள்? மந்திரிக்குக் கம்பெனி பதில் சொல்லவேண்டும், பிரஜைக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை என்பது எந்த ராஜதர்மம்? கெடு டிஸம்பர் 31 வரையில் நீட்டப்பட்டது என்பதை மறக்கவில்லை. அந்தக் கடைசி நாளில் மட்டும் 46 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் தாக்கலாயின என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேலே வருவோம்.

நான்கு வருஷம் கழிந்தது. 2025-ஆம் வருஷத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் செப்டம்பர் 15. அன்று தளம் திணறுகிறது, உள்ளே நுழைய முடியவில்லை என்று தேசமெங்கும் ஆடிட்டர்கள் கூக்குரலிட்டனர். இலாகாவின் சமூக ஊடகப் பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த பதில் யாது? தளம் நன்றாகவே இயங்குகிறது. உங்கள் கணினியிலுள்ள பிரௌஸரைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது வேறு பிரௌஸரில் முயன்று பாருங்கள் என்பதே. பிரௌஸரின் நினைவிலே பழைய சரக்கு தேங்கிக்கிடந்தால் சில தளங்கள் தகராறு செய்வதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் ஊராக ஒரே நாளில் ஒரே மணிநேரத்தில் எல்லோருடைய கணினியிலும் அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று நம்புவதற்கு மிகுந்த பக்தி வேண்டும்! அன்றிரவு, நாள் முடியும் தறுவாயில், கெடு ஒரே ஒரு நாள் நீட்டப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அந்த ஒரு நாளிலும் நள்ளிரவு 12 மணி முதல் இரண்டரை மணி வரையில் தளம் பராமரிப்புக்காக மூடியிருக்கும் என்று அதே அறிவிப்பில் கண்டிருந்தது. தளம் நன்றாகவே இயங்கியிருந்தால் நீட்டிப்பு எதற்கு? நீட்டிப்பு நியாயமென்றால் பகலில் சொன்ன பதில் எத்தகையது? இரவு பதினொரு மணி வரையில் தூங்காமல் கணக்கை அரைகுறையாக முடித்துப் பயந்துகொண்டே அனுப்பிவிட்டவருக்கு அந்த நீட்டிப்பால் என்ன பயன்?

இது சம்பளக்காரரின் கதை. வர்த்தகர்களின் கதை இதைவிடக் கசப்பானது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வராதபடியால் அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். 2017-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி சரக்கு சேவை வரி அமுலுக்கு வந்தது. அதற்கு முந்திய நாள் வரையில் வர்த்தகர்கள் தம் கையிருப்புச் சரக்கின்பேரில் பழைய வரிகளைச் செலுத்தியிருந்தனர். அந்தத் தொகையைப் புதிய கணக்கில் வரவு வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்தது. அதற்கு 'டிரான்-1' என்னும் பாரத்தை இணையதளத்தின் வாயிலாகவே தாக்கல் செய்யவேண்டும். காகிதத்தில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். பல தடவை நீட்டப்பட்ட கெடு அவ்வருஷம் டிஸம்பர் 27-ந் தேதியோடு முடிந்தது. புதிய தளமோ நடை பழகாத குழந்தையாக இருந்தது. உள்ளே நுழைந்தவர்களுக்குப் பாரம் திறக்கவில்லை. பாரம் திறந்தவர்களுக்குத் தொகை ஏறவில்லை. தொகை ஏறியவர்களுக்குக் கையொப்பம் விழவில்லை. கெடு சென்றது. சொந்தப் பணம் சர்க்காரிடம் நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் சர்க்கார் ஒரு வழி செய்தது. தளத்தின் பழுதினால் பாதிக்கப்பட்டவர்கள் மனுச் செய்துகொள்ளலாம், ஒரு கமிட்டி பரிசீலிக்கும் என்றார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மனுதாரர் உண்மையில் முயன்றார் என்பதற்கு அத்தாட்சி எது? தளத்தின் உள்ளே இயந்திரம் தானாகவே எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் அவருடைய முயற்சி பதிவாகியிருக்கவேண்டுமாம். கதவைத் தாண்டி உள்ளே வந்தவரின் பெயர்தானே வருகைப் புத்தகத்தில் இருக்கும்? கதவே திறவாமல் வெளியே நின்று திரும்பிப்போனவருக்கு அங்கே பெயர் ஏது? மிகவும் அதிகமாகப் பாதிக்கப்பட்டவரிடமே அத்தாட்சி மிகவும் குறைவாக இருந்தது. குறிப்பேட்டில் அடையாளமில்லை என்ற காரணத்தால் மனுக்கள் தள்ளப்பட்டன. திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத சிறு வியாபாரி, தான் பொய்யன் அல்லன் என்று ருசுப்படுத்த ஹைக்கோர்ட்டு ஏறவேண்டியதாயிற்று.

தேசத்தின் பல ஹைக்கோர்ட்டுகளில் வழக்குகள் நடந்தன. தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. கடைசியில் 2022-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வழக்குப் போட்டவர், போடாதவர் என்ற பேதமின்றி, கமிட்டி தள்ளிய மனுவைப் பொருட்படுத்தாமல், எல்லோருக்கும் இரண்டு மாத காலம் அந்த வாசலைத் திறந்துவைக்கும்படி உத்தரவிட்டது. அவ்வாறே அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரையில் திறந்தார்கள். ஒரு தளம் சில நாள் ஒழுங்காக இயங்காமைக்குப் பரிகாரம் கிடைக்க நான்கே முக்கால் வருஷம் ஆயிற்று. பெரிய கம்பெனிகள் காத்திருக்கும். ஒரு தறிக்காரரோ, இரும்புச் சாமான் கடைக்காரரோ அத்தனை காலம் முதலை முடக்கிவைத்துவிட்டுப் பிழைப்பாரா?

இந்த வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வருகிறது. 1897-ஆம் வருஷத்துப் பொதுப் பிரிவுகள் சட்டம் என்று ஒன்று உண்டு. அந்நிய ஆட்சியில் இயற்றப்பட்டு இன்றளவும் அமுலில் இருப்பது. அதன் 10-வது பிரிவு கூறுவதாவது: ஒரு கோர்ட்டிலோ அலுவலகத்திலோ குறித்த நாளில் அல்லது குறித்த கெடுவுக்குள் ஒரு காரியத்தைச் செய்யவேண்டுமென்று சட்டம் விதித்திருந்து, அந்த நாளில், அல்லது கெடுவின் கடைசி நாளில், அந்தக் கோர்ட்டோ அலுவலகமோ மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்த காரியம் காலத்தில் செய்ததாகவே கருதப்படும். வைஸ்ராய் ஆட்சியில், குடிமக்களுக்குச் சட்டசபையில் வாய் இல்லாத காலத்தில் எழுதிய விதி இது! கச்சேரி மூடியிருந்தது என்பதைக் குடியானவன் ருசுப்படுத்தவேண்டுமென்றோ, கமிட்டிக்கு மனுப் போடவேண்டுமென்றோ, மந்திரி தயவுசெய்து நீட்டிக்கவேண்டுமென்றோ அதில் இல்லை. மூடியிருந்தால் மறுநாள், அவ்வளவே.

இணையதளம் ஓர் அலுவலகமா அல்லவா? மின்னணு முறையில் சர்க்காரிடம் விண்ணப்பமும் கணக்கும் தாக்கல் செய்வதைச் சட்டபூர்வமாக்கி 2000-ஆம் வருஷத்திலேயே பார்லிமெண்டு சட்டம் செய்துவிட்டது. வருமான வரிக்கும் சரக்கு சேவை வரிக்கும் கணக்குக் கொடுக்க அனேகருக்கு அதுதான் ஒரே அலுவலகம். ஆதலால் 10-வது பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, சட்டப்படி தாக்கல் செய்யவேண்டிய இணையதளம் கெடுவின் கடைசி நாளில் குறித்த சில மணிநேரத்துக்கு மேல் இயங்காமற்போனால் அந்த அலுவலகம் அன்று மூடியிருந்ததாகக் கருதப்படும் என்று எழுதிவிட்டால் போதும். பிறகு நள்ளிரவு அறிவிப்புக்கு எவரும் கண்விழிக்கவேண்டியதில்லை. உரிமையாகக் கிடைக்கவேண்டியது தயவாகக் கிடைப்பதை நாம் விரும்பவில்லை.

இதற்கு அதிகாரிகள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். மாதக்கணக்கில் தளம் திறந்திருந்ததே, கடைசி நாள் வரையில் ஏன் காத்திருந்தீர்கள் என்பார்கள். ஓரளவு நியாயமுள்ள கேள்விதான். நம் ஜனங்களின் சோம்பலை நாம் அறியாதவரல்லர். ஆனால் சட்டம் கொடுத்த கெடுவில் கடைசி நாளும் ஒரு நாள். மேலும், கணக்குக்கு ஆதாரமான தஸ்தாவேஜுகள் பிறரிடமிருந்து வந்து சேரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி நாளில் கூட்டம் வரும் என்பது ரகசியமன்று. ஒரே நாளில் 46 லட்சம் கணக்குகள் வந்ததைச் சர்க்காரே பெருமையுடன் வெளியிட்டதே! தைப்பூசத்துக்குப் பழனியில் கூட்டம் வருமென்று தெரிந்திருந்தும் விசேஷ ரெயில் விடாத ஸ்டேஷன் மாஸ்டர், பக்தர்களைப் பார்த்து ஏன் இன்றைக்கு வந்தீர்கள் என்று கேட்டால் யார் ஒப்புவார்?

தளம் ஏன் திணறுகிறது என்பதைத் தொழில் தெரியாதவரும் எளிதில் அறியலாம். முன்வாசலில் வருவோரை வரவேற்கும் கணினிகளைக் கூட்டத்துக்கேற்ப அதிகப்படுத்துவது எளிது. ஆனால் அவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதவேண்டும். அந்தத் தரவுக் களஞ்சியத்தில் ஒருவர் எழுதும்போது அதே இடத்தில் எழுத வருபவர் காத்திருக்கவேண்டும். காத்திருப்போர் வரிசை நீளும். பொறுமையிழந்தவர் மறுபடியும் மறுபடியும் பொத்தானை அமுக்குவார். ஒவ்வோர் அமுக்கலும் வரிசையில் புதிதாக ஓர் ஆள். பதில் வராமையே கூட்டத்தைப் பெருக்குகிறது. இப்போது தாமதம், ஒரு மணி கழித்து வாருங்கள் என்று ஒரு வரி திரையில் எழுதினால் பாதிப்பேர் பொத்தானை விட்டு எழுந்துபோவார்கள். ஆக, உண்மையைச் சொல்வது மரியாதை மட்டுமன்று, வைத்தியமும் ஆகும்.

இதற்கு ருசு நம் தேசத்திலேயே உண்டு. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. என்னும் ஏற்பாட்டில் 2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மட்டும் 1,800 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. மார்ச்சு 26-ந் தேதியும் ஏப்ரல் 12-ந் தேதியும் அது தடைப்பட்டது. காய்கறிக் கடையில் பையை நிரப்பிவிட்டுப் பணம் கொடுக்க வழியின்றி விழித்தவர்கள் எத்தனைபேர்! ஆனால் அதை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா ஸ்தாபனம், தடை ஏற்பட்டிருப்பதாக அன்றைக்கே ஒப்புக்கொண்டது. ஏப்ரல் தடைக்குக் காரணமும் பின்னர் வெளியாயிற்று. சில வங்கிகளின் கணினிகள், நடந்த பரிவர்த்தனைகளின் கதி என்ன என்று ஒரே கேள்வியை ஓயாமல் கேட்டுக் கேட்டு மத்திய இயந்திரத்தைத் திணறடித்தனவாம். அந்த விசாரிப்புகளுக்கு வரம்பு வைத்து, ஆகஸ்டு 1-ந் தேதி முதல், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு ஐம்பது தடவைக்குமேல் பார்க்கக்கூடாதென்றும் விதி செய்தனர். நாளைக்கு ஐம்பது தடவை பார்க்கும் அளவுக்குக் கணக்கில் பணம் வைத்திருக்கும் பாக்கியவான்கள் யாரோ, நாமறியோம்! எப்படியாயினும், பழுது, காரணம், பரிகாரம் மூன்றையும் ஜனங்கள் அறிந்தனர்.

ரெயில்வே டிக்கெட்டுத் தளம் இதற்கு நேர்மாறு. தட்கல் டிக்கெட்டு, குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அவசரக்காரர்கள் அத்தனைபேரும் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கிறார்கள். 2024-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களில் அந்தத் தளம் முடங்கியது. 26-ந் தேதி காலை, சரியாகத் தட்கல் நேரத்தை ஒட்டி முடங்கியபோது, பராமரிப்பு வேலை நடைபெறுகிறது, பிறகு முயலவும் என்ற வாசகம் திரையில் தோன்றியது. நள்ளிரவை ஒட்டித் தினந்தோறும் பராமரிப்புக்காகச் சிறிது நேரம் மூடும் வழக்கமுள்ள தளம், பகல் பத்து மணிக்குப் பராமரிப்பைத் தேர்ந்தெடுத்ததாக யார் நம்புவார்? தாயின் மரணச் செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்படும் மகன் அந்த வாசகத்தைப் படித்து என்ன செய்வது? ஒரு மணிநேரத்தில் சரியாகுமா, பஸ்ஸுக்குப் போவதா என்று தீர்மானிக்க அவனுக்கு வேண்டியது ஓர் உண்மையான சொல். பழைய ரெயில்வே ஸ்டேஷனில் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வண்டி இத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதிவைப்பார்கள். அந்தப் பலகைக்கு என்ன வந்தது?

மொழி விஷயமும் ஒன்று உண்டு. கொரோனா தடுப்பூசிக்காக ஏற்பட்ட கோவின் தளம் 2021-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் திறந்தவுடன் திக்குமுக்காடிப்போனது. எனினும் அன்றைக்கே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவுசெய்துகொண்டனர். அப்போது அது பேசியது இங்கிலீஷ் மட்டுமே. ஜூன் மாதத் தொடக்கத்தில் பல இந்திய பாஷைகளைச் சேர்த்தபோது தமிழ் விட்டுப்போயிற்று. தமிழ்நாட்டில் ஆட்சேபம் கிளம்பிய பிறகே சேர்ந்தது. பழுது நேரத்தில் தோன்றும் அறிவிப்பைத் தமிழில் காட்டும் மத்திய சர்க்கார்த் தளங்களை எண்ணக் கைவிரல்கள் மிஞ்சும். தமிழனுக்குக் கதவடைத்த செய்தியையும் அயல்மொழியில் சொல்வது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

வெளிநாட்டுத் தனியார் ஸ்தாபனம் ஒன்று நடந்துகொண்ட விதத்தைக் கேளுங்கள். கிட்லாப் என்பது மென்பொருள் எழுதுவோர் தம் எழுத்தைச் சேமித்துவைக்கும் தளம். 2017-ஆம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி இரவில் அங்கே வேலை பார்த்த எஞ்சினீயர் ஒருவர், வேறொரு கணினி என்று நினைத்து, முக்கியக் களஞ்சியத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் நாலரை மட்டுமே மிஞ்சியது. பிரதி எடுத்துவைப்பதற்கென்று அவர்கள் செய்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக உதவவில்லை. சுமார் ஆறு மணிநேரத்து முந்திய பிரதி தற்செயலாக ஒன்று அகப்பட்டது. இவ்வளவு வெட்கக்கேட்டையும் அவர்கள் மூடிமறைத்தார்களா? இல்லை. என்ன நேர்ந்தது, என்ன செய்கிறோம், எது அகப்பட்டது என்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் யாவரும் படிக்கக்கூடிய ஒரே தாளில் எழுதினார்கள். மீட்பு வேலையை நேரடியாக ஒளிபரப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தனர். பிறகு காரண காரியங்களை விவரித்து நீண்ட அறிக்கை வெளியிட்டனர். கோபத்துடன் வந்தவர்களில் பலர் அனுதாபத்துடன் திரும்பினர்.

இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்னும் வங்கி இதற்கு எதிரிடையாக நடந்து, அதன் பலனை அனுபவித்தது. 2018-ஆம் வருஷம் ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கைக்காரரின் கணக்குகளைப் பழைய கணினிகளிலிருந்து புதியவற்றுக்கு மாற்றியது. மாற்றியவுடன் சுமார் 19 லட்சம்பேர் தம் கணக்கைப் பார்க்கமுடியாமல் வெளியே நின்றனர். வெளியே நின்றவர்கள் நிற்கும்போதே, எல்லாம் இயங்குகிறது என்று வங்கியின் தலைவர் அறிவித்தார். பார்லிமெண்டுக் கமிட்டி அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்து, அவரிடம் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றது. செப்டம்பரில் அவர் பதவி நீங்கினார். 2022-ஆம் வருஷம் டிஸம்பரில் அந்த வங்கிக்கு அந்நாட்டுக் கண்காணிப்பாளர்கள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன். வாடிக்கைக்காரருக்கு நஷ்டஈடாக வங்கி கொடுத்தது வேறு.

நம் ரிஸர்வ் வங்கியும் இவ்விஷயத்தில் கண்டிப்பானதே. திரும்பத் திரும்பத் தடங்கல் நேர்ந்ததற்காக 2020-ஆம் வருஷம் டிஸம்பரில் எச்.டி.எப்.சி. வங்கி புதிய கடன் அட்டை வழங்குவதையும் புதிய மின்னணுத் திட்டங்களையும் நிறுத்திவைத்தது. தடை முழுவதும் நீங்க 2022 மார்ச்சு ஆயிற்று. 2024 ஏப்ரலில் கோட்டக் மகீந்திரா வங்கிக்கும் இப்படிப்பட்ட தடை வந்தது. தனியார் வங்கி வாசலை மூடினால் சர்க்காரின் பிரம்பு அதன்மேல் விழுகிறது. சர்க்காரே வாசலை மூடினால் பிரம்பு பிரஜையின்மேல் விழுகிறது. கெடு தப்பியவர் ஐந்தாயிரம் ரூபாய் வரையில் கட்டணமும் பாக்கி வரிக்கு வட்டியும் கட்டுகிறார். தளம் இயங்காத நேரத்துக்குக் கட்டிய கம்பெனியிடம் ஒப்பந்தப்படி தொகை பிடிக்கும் ஷரத்து இருந்தாலும், அந்தத் தொகை போவது பொக்கிஷத்துக்கு. நஷ்டப்பட்டவருக்குச் சல்லிக்காசு வராது.

தளத்தைக் கட்டும் எஞ்சினீயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் நம் தமிழ்ப் பிள்ளைகள். நடுநிசியில் எழுப்பப்பட்டு, சிவந்த கண்ணுடன் பழுது தேடுபவர்கள். பழுதின் காரணம் முதலில் அவர்களுக்கே தெரியும். ஆனால் வெளியே சொல்ல அனுமதி அவர்களுக்கு இல்லை. அவர்கள் சொல்வது மானேஜரிடம் ஏறி, மானேஜர் சொல்வது இலாகாவிடம் ஏறி, இலாகா அதிகாரி மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து, எல்லோரும் சம்மதிக்கக்கூடிய ஒரே சொல்லாகக் கடைசியில் கீழே இறங்குவது 'பராமரிப்பு'. ஆகையால் நாம் கேட்பது அந்தப் பிள்ளைகளின் தலையை அன்று. பழுது நேர்ந்த அரைமணிக்குள் உண்மையை எழுதும் அதிகாரத்தை, வேலை நடக்கும் இடத்திலேயே பெயர் குறித்து ஒருவருக்கு ஒப்பந்தத்தில் கொடுத்துவைக்கவேண்டும் என்கிறோம். தளத்தின் நிலையைக் காட்டும் அறிவிப்புப் பலகை, தளம் இருக்கும் கணினியில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். வீடு பற்றியெரியும்போது வீட்டுக்குள்ளிருக்கும் மணியை அடிக்கமுடியாது.

தேசத் தொண்டர்கள் இதைப் படித்த கணக்கர்களின் சில்லறைக் குறை என்று ஒதுக்கிவிடலாகாது. ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாமல் அரிசியின்றித் திரும்பும் கிழவியும் இதே வாசலில்தான் நிற்கிறாள். இன்று ஊருக்கு ஒருவராவது தளம் அடைபட்ட தேதியையும் மணியையும் திரைப்படத்தையும் நோட்டில் சேர்த்துவைக்கவேண்டும். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒவ்வோர் இலாகாவையும் கேட்கலாம்: சென்ற வருஷத்தில் உங்கள் தளம் மொத்தம் எத்தனை மணிநேரம் மூடிக் கிடந்தது? ஒவ்வொரு தடவையும் காரணம் என்ன? அதற்காகக் கம்பெனியிடம் எவ்வளவு பிடித்தீர்கள்? முப்பது நாளில் பதில் சொல்லவேண்டியது அவர்கள் கடமை. இம்மனுவை இணையதளத்தின் மூலமாகவும் அனுப்பலாம். அந்தத் தளமும் திறவாவிட்டால், தபாலில் அனுப்பலாம்.